தவறைத் திருத்தும் கூட்டம்: இணையச் சமூகங்களும் நமது கரையோர ஊர்களும்

 

இலங்கையின் கிழக்குக் கரையில், பெரியநீலாவணையில் பஸ் ஏறினால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி அக்கரைப்பற்று வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். எங்கே ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது வெளியூரவருக்குத் தெரியாது. உள்ளூர்ப் பிள்ளைக்கு மதில் மதிலாகத் தெரியும். இந்த வீதி நீளத்துக்கும் இப்போது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குடியிருப்பு எழுந்து நிற்கிறது. ஜனாஸா (மரண) அறிவித்தலுக்கு ஒரு வட்ஸ்அப் குழு, பள்ளிவாசல் மஹல்லாவுக்கு ஒன்று, பழைய மாணவர் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று, அவசர இரத்த தானத்துக்கு ஒன்று, கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று. இவற்றுள் எதைச் சமூகம் என்று சொல்லலாம், எதை வெறும் கூட்டம் என்று விட்டுவிடலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் தொகையை வைத்து அதை அளக்க முடியாது. எந்தச் செயலியில் இயங்குகிறது என்பதும் பெரிதல்ல. ஒரு பொய்யோ பிழையோ அதற்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். யாராவது எழுந்து "இது பிழை" என்று சொல்கிறார்களா? சொன்னவருக்கு மதிப்பு இருக்கிறதா? பிழை விட்டவர் அதே இடத்தில் திருந்துகிறாரா? இவை நடக்கும் இடத்தில் சமூகம் இருக்கிறது. நடக்காத இடத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் அது சமூகமாகிவிடாது.

கணினி வழியே மனிதர் கூடுவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதியவர்கள் லிக்லைடர், டெய்லர் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஆண்டு 1968. வருங்காலத்தில் மனிதர்களை ஒன்றுசேர்ப்பது ஒரே இடத்தில் வசிப்பது அல்ல, ஒரே விடயத்தில் ஈடுபாடு கொள்வது என்று அவர்கள் கருதினார்கள். அந்தக் கனவுக்கு உயிர் வந்தது 1985இல். கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் ஸ்டுவர்ட் பிராண்டும் லரி பிரில்லியன்டும் 'வெல்' என்ற கணினி உரையாடல் களத்தைத் தொடங்கினார்கள். இந்த லரி பிரில்லியன்ட், இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். அந்தக் களத்தில் வாழ்ந்த ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் எழுதிய நூல்தான் இத்துறையின் மூல நூல் போல இன்றும் வாசிக்கப்படுகிறது. தம் சின்ன மகளின் தலையில் உண்ணி கடித்து ஒட்டிக்கொண்டதை அவர் அதில் எழுதுகிறார். மனைவி மருத்துவரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். இவர் களத்தில் கேட்கிறார். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருமுன் களத்திலிருந்து பதில் வந்துவிடுகிறது.

அந்தக் கதையைச் சொல்பவர்கள் வேகத்தை வியப்பார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். அந்தப் பதிலை ஒரு தகப்பன் நம்பியது ஏன்? அந்தக் களத்தில் எழுதுபவர் இன்னார் என்பது மறைக்கப்படவில்லை. எழுதிய சொல்லுக்கு எழுதியவரே பொறுப்பு என்பது அதன் முதல் விதி. அவர்களில் பெரும்பாலானோர் சான்பிரான்சிஸ்கோவைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அடிக்கடி நேரில் கூடி உண்டு பேசியவர்கள். உலகின் முதல் இணையச் சமூகங்களுள் ஒன்று என்று கொண்டாடப்படுவதே முகத்தையும் பெயரையும் பொறுப்பையும் அடித்தளமாக வைத்துத்தான் நின்றது.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அந்நியர்கள் ஓர் ஈடுபாட்டால் கூடிப் பிறகு அறிமுகமானார்கள். நமது கரையில் ஏற்கெனவே அறிந்தவர்கள், உறவினர்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுபவர்கள் போய்க் குழுவாகச் சேர்ந்தார்கள். நமது குழுக்கள் பிறக்கும்போதே ஊரின் குணத்தோடு பிறந்தவை. நல்ல குணமும் வந்தது, கெட்ட குணமும் வந்தது.

இந்தக் கரையின் பழைய அமைப்பை நினைத்துப் பாருங்கள். கிழக்கு முஸ்லிம் ஊர்களில் தாய்வழியாக வரும் குடி முறை இருந்தது. குடிக்கொரு மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்தார். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் இருந்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெரிய நூல் இந்த முறையை விரிவாகப் பதிந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் பிணக்கு வந்தால் யாரிடம் போவது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரைப் பற்றி அவதூறு எழுந்தால் விசாரிக்க ஓர் இடம் இருந்தது. அந்த விசாரணை எப்போதும் நியாயமாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வசதியுள்ளவன் பக்கம் சாய்ந்த தீர்ப்புகள் நிறைய. ஆனால் விசாரிக்க வேண்டும் என்ற கடமை ஊருக்கு இருந்தது. நமது குழுக்கள் ஊரின் உறவைக் கொண்டுவந்தன, செய்தி பரப்பும் ஆவலைக் கொண்டுவந்தன. விசாரிக்கும் கடமையை வீதியிலேயே விட்டுவிட்டு வந்தன.

அதன் விலை என்ன என்பதை இந்த மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகம். சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஏதோ கட்டி கிடப்பதைக் கண்டு, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் சரியாகப் புரியாத, அச்சத்தில் உறைந்துபோன உணவகத்து மனிதர் ஒருவரிடம் கேள்வி கேட்டு, அவர் தடுமாறித் தலையாட்டியதைத் தொலைபேசியில் பதிவுசெய்தார்கள். அந்தக் காணொளி ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலில் ஓடியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கடைகளும் வாகனங்களும் அழிந்தன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரிந்தது. அப்படி உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சில நாட்களில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத் தீ மூண்டது. மார்ச் 6இல் அவசரகால நிலை; 7ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன; 15ஆம் திகதிதான் திறந்தார்கள். முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள் கழித்து.

அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் நல்லவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? மருந்தாளர் இருந்திருப்பார், தாதி இருந்திருப்பார், விஞ்ஞான ஆசிரியர் இருந்திருப்பார். "இப்படி ஒரு மாத்திரை கிடையாது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அங்கே அவர்கள் பேசுவதற்குத் திண்ணை இல்லை. அவர்களை அறிந்தவர் இல்லை. அவர்கள் சொல்லுக்கு எடை போடுவார் இல்லை. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கோபத்தில் இணைந்திருந்தார்கள். நான் கூட்டம் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு எதிர்ப்புறமாக, ஓராண்டுக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக் கொடூரத்துக்குப் பிறகு ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது அயலவர்களுக்கு ஐயம் எழுந்தது. அவர்கள் விசாரித்தார்கள். பள்ளிவாசல் பொறுப்பிலிருந்தவர்கள் அறிந்தார்கள். தகவல் பாதுகாப்புத் தரப்புக்குப் போனது. அன்றிரவு அந்த வீட்டிலிருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தபோது குழந்தைகளும் மாண்டார்கள். அந்தத் துயரத்தை இந்த ஊர் மறக்காது. ஆனாலும் இன்னொரு பேரழிவு நடக்காமல் காத்தது முகம் பார்த்துப் பழகிய ஒரு தெருவின் விழிப்பு. நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. தெருவுக்குப் புதியவர் யார் என்று தெருவுக்குத் தெரியும். நமது ஊர்க் குழுவில் நேற்றுச் சேர்ந்த இலக்கம் யாருடையது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நம்பிக்கை தருகிற பக்கத்துக்கு வருகிறேன். தமிழர் இணையத்தில் கூடத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் பல நாட்டுத் தமிழரை மடல் வழியே சேர்த்தது. அதில் கூடியவர்களின் உழைப்பில், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்கள் எவரும் இலவசமாக எடுத்து வாசிக்கும்படி மின்னுருப் பெற்றன. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. அதற்கு அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து அபுதாபியில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன். வளைகுடாவில் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்து இரவில் கட்டுரை எழுதியவர். நமது வீடுகள் எத்தனையோவற்றிலிருந்து பிள்ளைகள் அதே வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஓய்வு நேரம் எதற்கெல்லாம் உதவும் என்பதற்கு அவர் சாட்சி.

விக்கிப்பீடியாவை நான் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. யார் எப்போது எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் கிடக்கும். பக்கத்திலேயே உரையாடல் பக்கம். கருத்து மாறுபட்டவர்கள் அங்கே வாதிட்டுக்கொள்வார்கள். பிழையைத் திருத்தியவரும் தெரிவார், பிழை விட்டவரும் தெரிவார், பிழையும் தெரியும். அதனால்தான் ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள் கூட அங்கே ஒரு சமூகமாக நிலைத்தார்கள். அவர்களுக்கு முகம் தராத பொறுப்பைப் பதிவு தந்தது.

நமது கையில் இருக்கும் செயலி நேர்மாறானது. 2017இலிருந்து நாம் அனுப்பியதை அழிக்கலாம். 2022இலிருந்து அட்மின் பிறர் அனுப்பியதையும் அழிக்கலாம். பொய்ச்செய்தி ஒன்று வருகிறது; எழுநூறு பேர் பார்க்கிறார்கள்; இருபது பேர் வேறு குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள்; பிறகு அட்மின் அதை நீக்குகிறார். குழு சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். பார்த்தவர் மனத்தில் அது அப்படியே இருக்கிறது. தள்ளிவிடப்பட்ட இடங்களில் உயிரோடு இருக்கிறது. அழித்தல் திருத்தல் ஆகாது. இந்த ஒரு வேறுபாட்டை நமது அட்மின்கள் உணர்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

செயலியின் விதிகளை நாம் எழுதவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஒரு குழுவில் 256 பேர் என்று 2016இல் வரையறுத்தவர்களே 2022இல் அதை 1024 ஆக்கினார்கள். இந்தியாவில் வதந்தியை நம்பி மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு முதலில் அங்கும், 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் வந்தது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் நமது ஊர் எப்படிப் பேச வேண்டும், எத்தனை பேர் ஒன்றாகப் பேசலாம் என்பதைக் கலிபோர்னியாவில் யாரோ தீர்மானிக்கிறார்கள். கொழும்பும் தன் பங்குக்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. அவர்கள் ஒருபுறம், இவர்கள் ஒருபுறம். நடுவில் ஊர் தனக்கென எழுதிய விதி ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலான குழுக்களில் "அரசியல் வேண்டாம், ஸலாம் மட்டும் போட வேண்டாம்" என்பதோடு விதி முடிந்துவிடுகிறது.

அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்ற ஏற்பாடு 2018இல் வந்தபோது பல குழுக்கள் அதற்குள் ஓடி ஒளிந்தன. ஜனாஸா அறிவித்தலுக்கு அது பொருந்தும். மையித்து வீட்டுச் செய்தியின் கீழே அரட்டை வேண்டியதில்லை. ஆனால் பள்ளிவாசல் கணக்கு, பாடசாலை அபிவிருத்தி, வெள்ள நிவாரணப் பங்கீடு போன்றவற்றைப் பேசும் குழுவிலும் வாயைப் பூட்டினால் அது அறிவித்தல் பலகை. கேள்வி கேட்க முடியாத இடத்தில் பிழை திருந்தாது.

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுபவர்கள், ஒருவரே ஓயாமல் எழுதுபவர் என்று ஜேகப் நீல்சன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். துல்லியமான அளவுகோலாக அதை எடுக்க வேண்டியதில்லை. நிலைமை ஏறக்குறைய அப்படித்தான். வாசிப்பவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். கேட்டுக் கேட்டே ஒரு கூட்டத்தின் முறையைக் கற்றுப் பிறகு பேச வருபவர்கள் பலர். கவலை தருவது, பேச விரும்பியும் பேச முடியாதவர்களின் மௌனம். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்து வருகிறோம். தெருவை உண்மையில் தாங்கி நிற்பவர்கள் தாய்மாரும் சகோதரிகளும். அப்படியிருந்தும் ஊர்ப் பொதுக்குழுக்களைத் திறந்து பாருங்கள். பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது வகுப்புக் குழுக்களைத் தாங்கிப் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியவர்களில் தாய்மாரே அதிகம். அவர்கள் அங்கே கேள்வி கேட்டார்கள், ஆசிரியரின் பிழையையும் பணிவாகச் சுட்டினார்கள். அந்தத் திறமையை ஊர்க் குழுவின் வாசலில் நிறுத்திவைப்பது நமக்கே நஷ்டம்.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் இன்னொரு சுவரும் இருக்கிறது. 1960களில் இதே கல்முனையில் நீலாவணன் எழுத்தாளர் சங்கம் நடத்தினார். அவரைச் சூழ எம். ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம் என்று இரு சமூகத்துக் கவிஞர்களும் கூடினார்கள். ஒருவர் கவிதையை மற்றவர் முகத்துக்கு நேரே விமர்சித்து வளர்த்தார்கள். 1969இல் நுஃமான் இங்கிருந்து 'கவிஞன்' இதழைக் கொண்டுவந்தார். என் அளவுகோலில் அது முழுமையான சமூகம்: சிறியது, திறந்தது, திருத்தத் தெரிந்தது. இன்றோ ஒரே பஸாரில் கடை வைத்திருக்கும் தமிழரும் முஸ்லிம்களும் வேறு வேறு குழுக்களில் இருக்கிறார்கள். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய தமிழ்–முஸ்லிம் விவகாரம் கொதித்தபோது ஒரே தெருவின் இரு புறத்திலும் இரு வேறு செய்திகள் ஓடின. அடுத்த கடைக்காரரிடம் போய் "இது உண்மையா?" என்று கேட்கப் பத்து அடி நடந்தால் போதும். குழுக்கள் அந்தப் பத்து அடியை நீளமாக்கிவிட்டன.

எல்லை கடந்து கூட முடியும் என்பதற்கும் நமக்குச் சான்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொரோனாவில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் சிசு எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியில் யாரோ எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். இணையம் அந்தப் படத்தைச் சுமந்தது. சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் என்று பலரும் துணி கட்டினார்கள். தலைவர் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. வைரசு நிலத்தடி நீரில் பரவும் என்ற வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதைத் துறைசார்ந்தவர்கள் சலிக்காமல் எழுதினார்கள். சாதாரண மக்கள் அதை மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். 2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. ஓர் அரசின் பிழையைத் திருத்தும் வேலையில் அந்நியர்கள் சில மாதங்கள் சமூகமாக நின்றார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மாதங்களின் குரல்பதிவுகளும் மன்றாட்டங்களும் விவாதங்களும் பெரும்பாலும் எங்கே? தொலைபேசி மாறியபோது போய்விட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் அள்ளிச் சென்றபோது பெயர்களைக் கொப்பியில் எழுதினோம். அந்தக் கொப்பிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நினைவு இல்லாத கூட்டம் ஒரே பிழையைப் புதிதாகத் திரும்பத் திரும்பச் செய்யும். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை மின்னுருவாக்கிப் பாதுகாத்து வருகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊர்க் குழுக்களின் அறிவித்தல்கள், கூட்டத் தீர்மானங்கள், நிவாரணக் கணக்குகளை, தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு ஊறு வராமல் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வேலையைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்க வேண்டும். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் ஏதோ ஒரு குழுவின் அட்மின். உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போய் உங்கள் குழுவில் ஒரு விதியை எழுதி ஒட்டுங்கள்: பிழையான செய்தி போட்டவர், அதை அழிக்காமல், அதே குழுவில், தம் பெயரோடு திருத்தம் போட வேண்டும்; அதைத் தாம் அனுப்பிய மற்றக் குழுக்களுக்கும் அந்தத் திருத்தத்தை அனுப்ப வேண்டும். திருத்தம் போட்டவரை எவரும் ஏளனம் செய்யக் கூடாது. உங்களோடு ஒரு சகோதரியையும் அட்மினாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்முனை பஸாரில் அடுத்த சமூகத்தைச் சேர்ந்த ஓர் அட்மினின் இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். அடுத்த வதந்தி வரும் இரவில் முதலில் அவரை அழையுங்கள்.